முதல் வெற்றிலைக்கு முன்னால் ஒரு ஸ்டேட்டஸ்

ஸ்டேட்டஸ் போடாத தையல்காரி தையல்காரியே இல்லையாம். பாலக்கோட்டில் பதினைந்து வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். ஆளைப் பார்த்தாலே தோள் அளவு சொல்லிவிடுவேன். அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? "இன்னாக்கா, ரெண்டு நாளா ஒண்ணும் போடல? கடைய மூடிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் வயிறு இருக்கிறதே! தைத்ததையெல்லாம் படம் பிடித்து செல்போனில் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் ஓர் அம்மா மகளோடு வந்தார். ஆனிக் கடைசியில் அவசரமாகப் பேசி முடித்த சம்பந்தம். எங்கள் பக்கம் பெண்ணின் தாய்மாமனுக்குத்தான் முதல் வெற்றிலை. அவர் தாம்பூலத் தட்டை வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். ஆடியில் தட்டு எடுக்கக் கூடாது என்பதால் ஆவணிக்காகக் காத்திருந்தார்கள். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு நாளாகும் என்று கல்யாண பிளவுஸை மட்டும் முன்கூட்டியே கொடுத்தார்கள். முதுகில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஜரிகையில் வர வேண்டும்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எங்கண்ணன் ஏரியூர்ல இருக்குது. அதுக்குத்தான் மொதல்ல தெரியணும்" என்றார் அந்த அம்மா.

"அட, நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன்!"

சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்ததும் பெண் வந்து போட்டுப் பார்த்தாள். அப்படிப் பொருந்தியிருந்தது! ஜடையை ஒதுக்கச் சொல்லி முதுகைப் படம் பிடித்தேன். முகம் பாதி தெரிந்தது. ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அடுத்த துணியை வெட்ட உட்கார்ந்தேன். படம் போடுவதும் சொல்வதில் சேர்த்திதான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா போன் செய்தார். "என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே!" என்று அழுதார். அவருடைய அண்ணன் மனைவிக்குப் பிறந்த வீடு பாலக்கோடு. இங்கே வரும்போதெல்லாம் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார். யாருக்கு யார் உறவு என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் நீட்டியிருக்கிறார். அவசரமாக அழித்தேன். அதற்குள் அவர்கள் சொந்தக்கார குரூப் முழுக்கப் போய்விட்டிருந்தது. அந்த நேரத்திலும் மூன்று பேர் எனக்கு, "சூப்பர்க்கா, ரேட் எவ்வளவு?" என்று அனுப்பியிருந்தார்கள். போனைத் தூக்கி வெட்டுத்துணிக் கூடையில் வீசினேன்.

ஆவணி பிறந்த முதல் நாளே அந்த அம்மாவோடு நானும் ஏரியூருக்குப் பஸ் ஏறினேன். தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் வாசலிலேயே நின்றார். "தப்பு என்னுதுங்க, உங்க தங்கச்சி மேல ஒண்ணுமில்லீங்க" என்று நான் கெஞ்சினேன்.

"உங்கள நான் எதுவும் சொல்லலைங்க. ஊரே பாத்தப்புறம் எனக்கு எதுக்கு வெத்தல?" என்றவர், தங்கையிடம் திரும்பினார். "போன்லதானே எனக்குத் தெரிஞ்சுது? கல்யாணத்தையும் போன்லயே பாத்துக்கறேன், போ."

தட்டு அப்படியே திரும்பி வந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் தாங்கவில்லை.

கல்யாணத்தன்று தாய்மாமன் கைப்பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். பெண் அலங்காரத்தோடு அறையில் காத்திருந்தாள். மண்டபத்து வாசலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முகூர்த்தம் போய்விடும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிடச் சொன்னார்கள்.

மேடைக்கு எதிரே கேமராக்காரர் நின்றிருந்தார். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க நேரலை போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா நேராக அவரிடம் போனார்.

"ஏங்க, இது ஏரியூர்லயும் தெரியுங்களா?"

"உலகம் பூராவும் தெரியும்மா."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேமராவுக்கு முன்னால் வந்து நின்று, அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணா, பொண்ணு இன்னும் மேடை ஏறல. வந்துடுண்ணா."

"மேடை மறைக்குதும்மா," என்றார் கேமராக்காரர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."