மை ஒட்டாத பத்திரம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'லேமினேஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர். நகலெடுக்க யார் வந்தாலும் லேசில் விடமாட்டார். "அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுடலாமா? ஆயுசுக்கும் கவலை இல்லை" என்பார். சும்மா சொல்லக்கூடாது, காசுக்காகக் கேட்கிறவர் இல்லை. அவருடைய அப்பா போனபோது வீட்டுக் காகிதமெல்லாம் கரையான் தின்று பொடியாய்க் கிடந்தது. அம்மா ஒவ்வோர் அலுவலகமாகச் செருப்புத் தேய அலைந்தாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே அலைந்தவர் இவர். அதனால் வரி ரசீதிலிருந்து மிக்சியின் உத்தரவாத அட்டை வரை வீட்டில் எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் இருக்கும்.

அவர் மனைவிக்கோ சாவுப் பேச்சே ஆகாது. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அலமாரி மேல்தட்டுல..." என்று அவர் ஆரம்பித்தால் போதும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். "வாயைக் கழுவுங்க முதல்ல! உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்துவாள். மிச்சத்தை அவர் சுவரிடம் சொல்லி முடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

போன வாரம் கடைப் படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை பைபாஸ் ஆபரேஷன் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மனைவியின் கையைப் பிடித்தார்.

"இவளே, இன்ஷூரன்ஸ்ல வாரிசா இன்னும் எங்கம்மா பேருதான் இருக்கு. அம்மா போயே வருஷக்கணக்காச்சு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் அவங்க மாதிரி அலையணும்."

அவளுடைய ஒரு கை அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

"படிவம் எப்பவோ நிரப்பி, கடை டிராயர்ல பாலிசிப் பத்திரத்தோட வச்சாச்சு. கொண்டுபோய்க் கொடுத்தா போதும்."

வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த பெண் பத்திரத்தை வாங்கினாள், வளைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதோட பின்பக்கத்துலதான் உங்க பேரை எழுதி முத்திரை வைக்கணும். பிளாஸ்டிக்குல மை எப்படிம்மா ஒட்டும்?" வைத்தே காட்டினாள். விரலால் தேய்த்ததும் முத்திரை அழிந்துபோனது. "சரி, படிவத்தைக் கொடுங்க."

படிவமும் பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. சாட்சி கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலி.

"அடப் பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே கண் கலங்கிவிட்டது. "நாளை மறுநாள் ஆபரேஷன்மா அவருக்கு" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து மேலாளர் அறைக்குப் போய்த் திரும்பினாள். "மாற்றுப் பத்திரம் கேட்டு மனு எழுதிக் கொடுங்க, அது மெதுவா வரட்டும். பேரை இன்னைக்கே கம்ப்யூட்டர்ல மாத்திடறோம். புதுப் படிவத்துல அவர் கையெழுத்தும் ஒரு சாட்சியும் வேணும். சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க."

மூலை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். 'பாலிசிதாரர் இறந்தால் தொகை பெறுபவர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எவன்டா இந்த வரியை எழுதினவன் என்று மனசுக்குள் வைதாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று நிரப்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். கடைக்குப் பக்கத்துத் தையல்காரி, பார்க்க வந்தவள், "கொடுங்க அக்கா" என்று சாட்சி போட்டாள். மறுபடி ஓட்டம். வெயிலில் படிவம் அவள் கைக்குள்ளேயே வியர்வையில் ஊறிக் கசங்கிப் போயிருந்தது. கவுன்டர் பெண் அதை நீவிவிட்டு, 'டப்'பென்று முத்திரை வைத்தாள். இந்தத் தடவை மை ஒட்டியது.

இருட்டும் நேரத்தில் கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஆச்சா? காகிதம் பத்திரமா இருக்கா?"

"கசங்கி நாராப் போச்சு. ஆனா உள்ள வாங்கிக்கிட்டாங்க." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்போ சொல்லுங்க. மேல்தட்டுல என்னென்ன இருக்கு?"

அவர் அவளையே பார்த்தார். எத்தனை வருஷமாய்ச் சுவரிடம் சொல்லி மனப்பாடமான விஷயம்! ஆனாலும் உதடு கோணியது.

"வேணாம் இவளே. பயமா இருக்கு. வேற ஏதாவது பேசு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. இருந்தாலும் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"மேல்தட்டுல..." என்று ஆரம்பித்தார். அவள் அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். காதைப் பொத்த அவளிடம் கை மிச்சமில்லை.