பூநாரைகளுக்கு அடித்த ஹாரன்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கோயிலைக் கண்டால் ஹாரன் அடிப்பேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாத்திகப் புத்தகங்களாக வாங்கி, அடிக்கோடிட்டு, அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறேன். அவை என் மூளை வரைக்கும் வந்தன. கைக்கு வந்து சேரவில்லை.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் முத்தையாபுரத்து லாரி டிரைவர் ஒருவர். துறைமுகத்துக்கு லோடு அடிப்பவர். கிளட்ச், கியர், பிரேக் முடிந்ததும் நான்காவது பாடமாகச் சொன்னார்: "கோயிலத் தாண்டும்போது ரெண்டு ஹாரன் அடிச்சிரணும் சார். எறங்கிக் கும்பிட நமக்கு நேரம் ஏது? சாமி புரிஞ்சுக்கிடும்."

அன்றைக்குச் சிரித்தேன். இருபது வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு ஹாரன்தான் என் மனைவியின் நெடுநாள் ஆசையைக் கெடுத்தது.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். பறவைகளைப் பற்றிச் சொல்லும் நாளில் பூநாரை எப்படி நிற்கும் என்று வகுப்பில் தானே ஒற்றைக் காலில் நின்று காட்டுவாள். வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "நேர்ல பாத்திருக்கியளா டீச்சர்?" இவள், "இல்லலே, படத்துலதான்" என்பாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். நான், "வர்ற ஜனவரி கண்டிப்பா போறோம்" என்பேன். ஜனவரி வரும், கூடவே எனக்கு ஏதாவது ஒரு கப்பலும் வரும். நான் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன். எங்கள் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் சில வருடம் பூநாரைகள் வருவதுண்டு. அவை வந்த செய்தி எங்களுக்கு எட்டும்போது போயிருக்கும்.

இந்த மே மாதம் அவளுக்குப் பணி ஓய்வு. "இதான் கடைசி கிளாஸு. இந்தத் தடவ கேட்டா, பாத்தேன்னு சொல்லணும்ங்க" என்றாள். பொங்கல் விடுமுறையில் காரில் ராமேஸ்வரம் தீவுக்குக் கிளம்பினோம். இத்தனை வருடத் தாமதத்துக்குப் பரிகாரமாக, லாட்ஜ் வேண்டாம், கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம் என்றேன். கூடார வாழ்க்கையைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன்.

தருவைகுளம், வேம்பார், சாயல்குடி என்று கடலோரமாகவே போகிற சாலை. வழியில் கோயிலுக்குக் குறைவில்லை.

"நானும் பாத்துக்கிட்டே வாரேன், ஒரு சாமியவும் விடல நீங்க" என்று சிரித்தாள். பாம்பன் பாலம் ஏறும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு, "இனிமே அடிக்காதிய. அங்கன பறவைக நிக்கும்" என்றாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கி, மணலில் கூடாரம் போட இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கம்பி மிஞ்சியது. வலையோடு போன மீனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ரூம் கெடைக்கலையாண்ணே?" என்று பரிதாபப்பட்டார். சங்கைச் சுமந்த நண்டுகள் கூடாரத்துக்குள் எங்களுக்கு முன்பே குடிபோயிருந்தன. செம்பருந்து ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்தது. ஆலாப் பறவைகள் கடலில் செங்குத்தாக விழுந்து மீனோடு எழுவதைப் பார்த்து அவள் கைதட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து நாளாகியிருந்தது. பத்து வருடத்துக்கு முன்பே கூட்டி வந்திருக்கலாம். முழங்கால் வலிக்காமல் மணலில் நடந்திருப்பாள்.

மறுநாள் காலை தனுஷ்கோடி சாலையில் போனோம். இரண்டு பக்கமும் தேங்கிய கடல்நீர். ஒரு வளைவு திரும்பியதும் அவை நின்றிருந்தன. கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், வெளுத்த ரோஜா நிறத்தில், நூற்றுக்கணக்கில். பாதிக்கு மேல் ஒற்றைக் காலில். அவள் மடிக்குக் குனிந்து, நான் வாங்கிக்கொடுத்த பைனாகுலர் உறையின் இறுகிய பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். "அங்க பாரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரம் சாலையோரம் ஒரு கோயில் வந்தது.

மூளைக்கு விஷயம் போவதற்குள் கை கும்பிட்டு முடித்துவிட்டது. இரண்டு ஹாரன்.

அவள் நிமிர்ந்தபோது தண்ணீரில் அலை மட்டும் இருந்தது. "எங்க?" என்றாள். வானத்தைக் காட்டினேன். தூரத்தில் ஒரு கோடு நெளிந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான்தான் பேசினேன். பறக்கும்போதுதான் சிறகின் அடிச்சிவப்பு தெரியும், ஒரு வகையில் இது அதிர்ஷ்டம் என்று எதிலோ படித்ததை எடுத்துவிட்டேன்.

"நிக்குறத பாக்கத்தானங்க வந்தேன்" என்று பைனாகுலரை உறைக்குள் வைத்தாள்.

மத்தியானம் வரை காத்திருந்தோம். அடுத்த நாள் காலையிலும் போய் நின்றோம். இரண்டு கொக்குகள் இருந்தன. வலை வீசிக்கொண்டிருந்தவர், "திரும்பி வரும், ரெண்டு மூணு நாளாகும்" என்றார். மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு. கூடாரத்தைச் சுருட்டினோம்.

திரும்பும் வழியில் வேம்பாரில் டீ குடிக்க நிறுத்தினோம். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நீ குனிஞ்சிருந்த பாரு, அப்ப நான் பாத்தேன். நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒத்தக் கால்லயா?"

"ஆமா."

மிச்ச டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். தூத்துக்குடி வரும்வரை எந்தக் கோயிலுக்கும் நான் ஹாரன் அடிக்கவில்லை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிப்ரவரியில் அந்தப் பாடம் நடந்தது. வழக்கம்போல ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. "நான் பாக்கலலே, எங்க வீட்டுக்காரங்க பாத்துருக்காங்க" என்று சொன்னாளாம். சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல, நடந்ததைச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. மே மாதம் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

போன வாரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற டீச்சர்மார் ஆறு பேர், வரும் ஜனவரியில் வேன் பிடித்து அதே தீவுக்குப் போகிறார்களாம். நான் பக்கத்தில் போய் நின்றேன். "நானும் வாரேன். வண்டிய தொட மாட்டேன். கடைசி சீட்டுல உக்காந்துக்கிடுதேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு? நீங்கதான் பாத்துட்டியளே."