டிரைவர் பெண்டாட்டிக்கு ஒரு கார்

தட்சிணாமூர்த்தி ஸ்டியரிங் பிடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐஸ் லாரியில் ஆரம்பித்து ஜீப், வேன், கார் என்று அவர் கால் படாத பிரேக் கிடையாது. கடலூர் முதுநகரில் யாருக்கு அவசரமாக ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தாலும், 'மூர்த்தியண்ணனக் கூப்புடு' என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், தாலி கட்டிய பெண்டாட்டியை வண்டியில் உட்காரவைத்து ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. ராணியம்மாளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். பஸ் படியில் கால் வைத்ததுமே வாயில் தண்ணீர் ஊறும். ஆலப்பாக்கம் வருவதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கப்புறம் நடப்பதை இங்கே எழுதப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள், புளியை வாயில் அடக்கிப் பார்த்தாள். தொப்புளில் பிளாஸ்திரி ஒட்டினால் நிற்கும் என்று ஒருத்தி சொல்ல, அதையும் ஒட்டினாள். பிளாஸ்திரி நின்றது, வாந்தி நிற்கவில்லை. மாத்திரை போட்டால் மறுநாள் வரைக்கும் தலை தூக்க முடியாது. ரயிலிலும் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார். புதுச்சத்திரம் ஸ்டேஷன் பெஞ்சில் அவளைப் படுக்கவைத்து விசிறியதோடு அந்தப் பயணம் முடிந்தது.

இத்தனைக்கும் அவள் சிங்காரத்தோப்பில் மீனவர் வீட்டில் பிறந்தவள். சின்ன வயசில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய், அலை தூக்கிப் போடும்போதெல்லாம் கைகொட்டிச் சிரித்தவள். கடல் செய்யாத வேலையை டவுன் பஸ் செய்தது.

"எல்லாம் டீசல் வாடை. கட்டுமரத்துல டீசல் ஏது?" என்பது தட்சிணாமூர்த்தியின் தீர்ப்பு. டிரைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ராணியம்மாளும் நம்பினாள்.

மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய் விற்று, நடந்தே திரும்பி, அவள் பாட்டுக்குக் காலம் ஓடியது. ஒரே மகள் கயல்விழியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தபோதுதான் இடித்தது. கல்யாணம் கடலூரில் நடந்தது. மகள் வாழ்கிற வீட்டுக்குள் தாய் ஒரு தடவைகூடக் காலடி வைக்கவில்லை. சிதம்பரத்தில் தேர் ஓடும்போது மீனவ ஜனங்கள் அம்பாளுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோவது வழக்கம். மீனவர் மகளாகப் பிறந்ததாகச் சொல்வதால், அம்பாள் அவர்கள் வீட்டுப் பெண். ஒவ்வொரு திருவிழாவுக்கும் தெருவே கிளம்பிப் போகும். ராணியம்மாள் வாசலில் நின்று வழியனுப்புவாள்.

"ஊரு கூடி அம்பாளுக்கு சீர் கொண்டும் போவுது. நான் பெத்த பொண்ணுக்கு என்னால ஒரு கூடை கொண்டும் போவ முடியல மாமா," என்று போன திருவாதிரை அன்று சொன்னாள். தட்சிணாமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இந்த வருஷம் கயல்விழி உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளால் கடலூருக்கு வர முடியாது. அம்மாவால் சிதம்பரத்துக்குப் போக முடியாது. நடுவில் ஒரு மணி நேரப் பாதை.

"எதுவும் எறங்கல மா. வாயில வெச்சாலே வருது. நீ வந்து ஒரு கருவாட்டுக் கொழம்பு வெச்சிக் குடேன்," என்று மகள் போனில் சொன்னாள். ராணியம்மாள் குழம்பு வைத்தாள். தூக்குவாளியில் அதைச் சுமந்துகொண்டு தட்சிணாமூர்த்தி போனார். மகள் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமல் அழுதாள். "கொழம்பு வந்துச்சு, அம்மா வரலியே பா."

அந்த வாரத்தில்தான் முதலாளி சடையப்பன் ஒரு கார் புக் செய்திருப்பதாகச் சொன்னார். ஐஸ் பேக்டரியும் நாலு விசைப்படகும் வைத்திருக்கிறவர், படகு வாங்கினாலும் பல்துலக்கும் பிரஷ் வாங்கினாலும் ஊரில் பெரியதாக வாங்குகிறவர். இது வெளிநாட்டுக் கார். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சுத்தமாகக் கரண்டில் ஓடுவது.

"டீசல் ஊத்தவே தேவல்லியா மொதலாளி?"

"டேங்கே கெடையாது மூர்த்தி."

"பொகை?"

"பொகைக் கொழாயே கெடையாதுன்றேன்."

"வாடை?"

"வண்டி ஓடுறதே தெரியாதுன்றான். நீ வாடையப் பத்திக் கேக்குற!"

தட்சிணாமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ராணி, நீ சிதம்பரம் போவப்போற," என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது காத்திருப்பு. கார் கப்பலில் வருகிறது என்றார்கள். கப்பல் வந்துவிட்டது, துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள். அப்புறம் பேப்பர் வேலை என்றார்கள். ஐஸ் பேக்டரி ஷெட்டில் சார்ஜ் போடும் பெட்டியை மட்டும் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தி தினமும் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். சாமி வருமுன்னே பீடத்தைக் கும்பிடுகிற ஆள் இவர் என்று ஐஸ் உடைக்கிறவர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும். செல்போனில் அந்தக் காரின் வீடியோ ஒன்றை வைத்துக்கொண்டு ராணியம்மாளும் அவரும் சோறு ஆறிப்போகும்வரை பார்த்தார்கள். கைப்பிடி கதவுக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது. கூரை முழுக்கக் கண்ணாடி. "படுத்தா வானம் தெரியும் போலக்குதே மாமா," என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு ஆசையை அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. இதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி இந்தப் பூமியில் இல்லை.

ஒரு வழியாகக் கார் லாரி மேல் ஏறி வந்து சேர்ந்தது. இறக்கும்போது தெருவில் ஒரு சத்தம் இல்லை; கார்தான் சத்தம் போடாது என்றால், பார்த்தவர்களும் வாயடைத்து நின்றார்கள். கடல் நிறத்தில், மழையில் நனைந்த கல் மாதிரி பளபளவென்று இறங்கிவந்தது. கூட வந்த கம்பெனிக்காரர் முன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே எஞ்சின் இல்லை. துணிமணி வைக்கிற மாதிரி ஒரு பெட்டிதான் இருந்தது. முப்பது வருஷமாக எஞ்சின் சூட்டில் கை பொசுங்கிய தட்சிணாமூர்த்தி, அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் திரை விலகியதும் கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

அம்மன் கோயில் வாசலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினார்கள். அதோடு முடித்திருக்கலாம். சடையப்பன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகோ, புது வண்டியோ, முதல் ஓட்டம் வெறுமையாகப் போகக் கூடாது. சரக்கோடுதான் போக வேண்டும். அவர் கரையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கூடை மீனை வரவழைத்து, அந்தக் கப்பல் காரின் டிக்கியில் தன் கையாலேயே ஏற்றினார். கம்பெனிக்காரர், "சார், சார், அது இம்போர்ட்டட் மேட் சார்!" என்று கத்தியது அலைச் சத்தத்தில் போய்விட்டது. கூடை ஐஸ் பேக்டரி வரை மகாராஜா மாதிரி வந்து இறங்கியது. மீன் தண்ணீர் மட்டும் இறங்கவில்லை.

முதலாளியின் மகன் அரவிந்தன் சென்னையில் படித்தவன். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். தட்சிணாமூர்த்தி ஷாம்பூ போட்டுக் கழுவினார், வெயிலில் காயவைத்தார். வாடை குறைந்ததே தவிரப் போகவில்லை.

ஓட்டிப் பழகவும் கொஞ்சம் நாள் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் வண்டி நின்றது. முன்சீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அது தளும்பாத அளவுக்குக் காலைப் பழக்கினார். யாருக்காக இந்தப் பாடு என்று முதலாளிக்குப் புரிந்திருக்க வேண்டும். இவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்ததும், "தங்கச்சியக் கூட்டிக்கினு போயி வா மூர்த்தி. இதுக்குப் போயி கேக்கணுமா?" என்றார்.

தட்சிணாமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. இவ்வளவு பெரிய காரில் பெண்டாட்டியை ஏற்றும்போது மீன் நாற்றம் அடிக்கலாமா? மல்லிகை சென்ட் ஒரு பாட்டில் வாங்கி சீட்டு, தரை, டிக்கி ஒன்று விடாமல் அடித்தார். கண்ணாடியில் ஒரு வாசனை அட்டையைத் தொங்கவிட்டார். கண்ணாடிகளை ஏற்றி மூடி, கல்யாண வீடு மாதிரி மணக்க மணக்கக் காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ராணியம்மாள் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்து, பவுடர் பூசி, தலை நிறையப் பூ வைத்து வந்தாள். மகளுக்கான கூடையில் நெத்திலியும் வஞ்சிரக் கருவாடும் வாழைச்சருகில் கட்டி இருந்தது. அதை டிக்கியில் வைத்தாயிற்று. தெருவே கூடி நின்றது. கைப்பிடி தானாக வெளியே வர, தெரு 'ஆ' என்றது. அவள் ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, மூச்சை இழுத்தாள்.

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

வண்டி ஓர் அடி நகரவில்லை. டீசல் ஒரு சொட்டு இல்லை. தட்சிணாமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.  "டீசல் இல்லியே ராணி... டீசலே இல்லியே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கூடை இருக்கட்டும் மாமா. நீயே கொண்டும் போயி குடுத்துட்டு வா. எனக்குக் குடுப்பினை இல்ல," என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கி பக்கம் போனாள். அது தானாகத் திறந்தது. கூடையை நகர்த்தி வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. மெதுவாக டிக்கி விளிம்பில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, எனக்கு இங்க ஒண்ணும் பண்ணல."

"என்னா சொல்ற?"

"இங்க நம்ம வாசனை வருது. மூச்சு நல்லா போவுது."

தட்சிணாமூர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்கு ஒன்று நினைவு வந்தது. கல்யாணமான புதுசில், மீன் கூடையோடு குமட்டல் இல்லாமல் பஸ்ஸில் போனவள்தான் அவள். ஒருநாள் ஒரு கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'மீன்காரம்மா, எறங்கு' என்று பஸ்ஸைவிட்டு இவளை இறக்கிவிட்டான். அன்றிலிருந்துதான், வண்டி ஏற வேண்டுமென்றால் சோப்பு, பவுடர், பூ. தன் மேல் கடல் வாடை ஒரு துளி இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவள் படியில் கால் வைப்பாள். முப்பது வருஷமாக அவர் எஞ்சினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். மருந்து அவள் தலையிலேயே கூடையாக இருந்திருக்கிறது. இந்த ஒரு காரிலாவது அந்த மீன் வாடை இருந்தது. அதையும் போக்கடிக்கப் பாட்டில் வாங்கி அடித்தவர் அவர்தான். டிரைவராம் டிரைவர்!

வாசனை அட்டையைப் பிய்த்து எறிந்தார். நாலு கண்ணாடியையும் இறக்கி, கதவுகளைத் திறந்து போட்டு, கடல் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்வரை காத்திருந்தார். ராணியம்மாள் தலைப்பூவை எடுத்துப் பக்கத்து வீட்டுத் தைலம்மாளிடம் கொடுத்துவிட்டாள். கூடையோடு பின் சீட்டில் ஏறி, சருகை லேசாகப் பிரித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல் ஓட்டம் சரக்கோட போவணும்னு மொதலாளி சும்மாவா சொன்னாரு!" என்று தைலம்மாள் கத்தினாள். தெரு சிரித்தது. கார் கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. பார்த்தபோது அது தெருமுனையில் இருந்தது.

அவர் சொம்புத் தண்ணீரை நினைத்துக்கொண்டே ஓட்டினார். கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஆலப்பாக்கம் போனது. அவள் கண்ணை மூடியிருந்தாள். புதுச்சத்திரம் போனது. அந்த ஸ்டேஷன் பெஞ்சை நினைத்து அவர் வேகத்தை இன்னும் குறைத்தார். அவள் கண்ணைத் திறந்து தலைக்கு மேல் பார்த்தாள். புளியமரங்களும் மேகமும் பின்னால் பின்னால் ஓடின.

"மாமா, கட்டுமரத்துல மல்லாக்கப் படுத்தா இப்பிடித்தான் இருக்கும்."

வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே பாய்ந்தது. தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பெயர் கேட்டு, கண்ணால் பாராத கோபுரம். ஒரு மணி நேரப் பாதையில் இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்திருக்கிறது. தட்சிணாமூர்த்தி எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைக் கண்ணாடியில் அவள் முகத்தில் பார்த்தார்.

மகள் வீட்டுச் சந்தில் கார் போய் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. இவர்கள் வரும் விஷயத்தை மகளுக்குச் சொல்லவும் இல்லை. சொல்லி, வர முடியாமல் போய்விட்டால் அவள் மனசு உடைந்துவிடும் என்று பயம். எஞ்சின் சத்தமும் கிடையாது. தெருவில் ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. ராணியம்மாள் இறங்கி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத அந்த வாசற்படி முன்னால் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

ஜன்னலுக்கு உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"யாரு வந்துருக்கா?" என்றது கயல்விழியின் குரல். அப்புறம் ஒரு மூச்சை இழுக்கும் சத்தம்.

"அம்மா? அம்மா, நீயா மா?"