கொலைக்கதையும் போண்டாப் பந்தயமும்

எவர்சில்வர் போசிக்குள் போனை வைத்தால் சத்தம் கூடும். மண்ணரைப் பக்கம் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்காவின் சாப்பாட்டுப் போசிதான் எங்களுக்கு ஸ்பீக்கர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதைக் கழுவி மெஷின்களுக்கு நடுவில் வைத்து, என் போனில் யூடியூப் கொலைக்கதை போட்டு, வேலை பார்த்தபடியே கேட்போம். பாட்டு வேண்டாம், சீரியல் வேண்டாம். நிஜமாக நடந்த கொலைதான் வேண்டும். பாதியில் நிறுத்தி, யார் கொன்றது என்று ஆளுக்கொரு பேர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள் சாயங்கால டீக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

அடுத்தவள் செத்த கதையில் உனக்கென்னடி அப்படியொரு ருசி என்று என்னையே திட்டிக்கொண்டதுண்டு. காலையிலிருந்து ஒரே தோள்பட்டைத் தையலைப் பார்த்துக் கண் பூத்துப்போனவளுக்கு, பயம்கூட அடுத்த வீட்டுப் பயமாக இருந்தால் இனிக்கத்தான் செய்கிறது. இப்போதைய கம்பெனியில் ஆளுக்கொரு இயர்போன். யார் எந்தக் கொலையைக் கேட்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்தப் பழைய கம்பெனியில் அக்காவிடம் ஒருநாள், கொலைக்கதை ஏன் பிடிக்கிறது என்று கேட்டேன். "கடைசீல புடிச்சர்றாங்கல்ல கண்ணு, அதுக்குத்தான்" என்றார். எந்தக் கதையானாலும் அவர் சொல்வது ஒன்றே: "ஊட்டுக்காரந்தான்."

"ஏனுங்க்கா, அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆவலைங்க!" என்று கேலி செய்வோம். அவரும் சிரித்துக்கொண்டே போண்டா வாங்குவார்.

ஒருநாள் வந்த கதை உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் நடந்தது. கல்யாணமான இளம்பெண் கிணற்றில் கிடந்தாள். வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்ததாம். கதை சொன்னவன் அந்தக் கடகடச் சத்தத்தையும் பின்னணியில் போட்டிருந்தான், பாவி. வழக்கம்போல நிறுத்தினோம். மாமியார் என்றாள் ஒருத்தி, கொழுந்தன் என்றாள் இன்னொருத்தி. "கூடப்பொறந்த அக்கா ஒருத்தி ஸ்டேசன் வாசல்லயே நின்னாளாமுங்க, எனக்கு அவ மேலதான் டவுட்டு" என்றார் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் சிரித்தோம். அக்காவின் மெஷின் மட்டும் நின்றிருந்தது. அன்று அவர் யார் பேரையும் சொல்லவில்லை.

மீதியைக் கேட்டோம். விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்களாம். உங்கள் கருத்தைக் கமெண்டில் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டான். கொலைகாரனே இல்லாத கதைக்கு யார் போண்டா வாங்குவது என்று டீ வரும்வரை சண்டை.

டீ நேரத்தில் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்ற கூடப்பொறந்த தங்கச்சி கண்ணு. மாவு ஓடிட்டிருக்கையில எவளாச்சும் கெணத்துப் பக்கம் போவாளா? கிரைண்டர நிறுத்தாம எந்தப் பொம்பள நவுருவா? போலீஸ்கிட்டயும் இதையேதான் சொன்னேன். ஆரும் காதுல வாங்கல."

அவருக்குப் போனில் எழுதத் தெரியாது. "அவ புருசந்தான்னு அந்தக் கமெண்டுல எழுதி உடு. இத்தன பேரு பாக்கறாங்க, ஆராச்சும் கேப்பாங்கல்ல" என்றார். கிரைண்டர் விஷயத்தையும் சேர்த்து, அவர் சொன்னபடியே எழுதினேன். சிரிப்புப் பொம்மைகளும் ஊகங்களும் மேலே வந்து விழ விழ, அது அடியில் போய்விட்டது. ஒவ்வொரு டீ நேரத்திலும் வந்து, "ஆராச்சும் பதில் போட்டாங்களா?" என்பார். இல்லைங்க்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

ஒருநாள் சேனல்காரன் எங்கள் கமெண்டுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். காட்ட வேண்டாம் என்று நினைப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"இது என்னது கண்ணு?"

"அவங்க பாத்துட்டாங்கன்னு அர்த்தமுங்க்கா."

"பாத்துட்டாங்களா!" அப்படியொரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. "அப்பக் கேசை மறுக்கா எடுப்பாங்க. என்ற நம்பரையும் அதுல எழுதி உடு, கூப்புட்டா உடனே எடுக்கோணும்."

அந்த இதயத்துக்கு அப்படியெல்லாம் அர்த்தமில்லை என்று தெரிந்தும், அவர் சொன்ன நம்பரை எழுதிவிட்டேன். மெஷின் இரைச்சலில் மணி கேட்காமல் போய்விடுமே என்று, அன்றிலிருந்து அவர் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் தைத்தார்.