ஐந்து நிமிடத்துக்கு என்று சொன்ன வயர்: வவுனியாவிலிருந்து வல்வெட்டித்துறைக்கு ஓர் அவசரப் பயணம்

சென்ற பங்குனியில் ஒரு புதன்கிழமை, காலை 7.50க்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வவுனியாவில் தொழிற்சாலை மோட்டார்களுக்கான மின்கட்டுப்பாட்டுச் சாமான்கள் விற்கும் கடை என்னுடையது. அழைத்தவர் புவனா அக்கா. வல்வெட்டித்துறையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலையை நடத்துகிறவர்.

"தம்பி, கொன்டாக்டர் ஒண்டு வேணும். பழசு கிர்ர் எண்டு சத்தம் போடுது. எரிஞ்ச மணமும் வருது."

கொன்டாக்டர் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும், நிறுத்தும் பெரிய சுவிட்ச். அதோடு சேர்ந்தது ஓவர்லோட் ரிலே. மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்திக் காப்பாற்றுவது அதன் வேலை; அப்படி நிறுத்துவதை 'விழுவது' என்போம். அவருக்கு இரண்டு மாதத்தில் மூன்று ரிலே விற்றிருந்தேன். மூன்றும் அடிக்கடி ஐஸ் மெசினை நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்.

"ஓவர்லோட் விழுந்ததோ அக்கா?"

"அது இப்ப விழுறதே இல்லை. நீங்கள் சொன்னமாதிரி அன்ரன் அண்ணை வயர் போட்டவரெல்லே. அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

மூன்று வாரத்துக்கு முன், ரிலே பழுதா என்று அறிய, அதன் இரண்டு முனைகளைத் துண்டு வயரால் இணைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள் என்று அன்ரன் அண்ணையிடம் தொலைபேசியில் சொன்னவன் நான்தான். பார்த்துவிட்டு வயரைக் கழற்றுங்கள் என்று சொன்னேனா? இன்றுவரை ஞாபகம் இல்லை. மூன்று வாரமாக அந்த மோட்டார் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடியிருக்கிறது. பக்கத்தில் ஐஸ் உறையவைக்கும் அமோனியா நச்சுவாயுக் குழாய்கள். மதிலுக்கு அப்பால் வீடுகள்.

"அக்கா, மெசினை உடன நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"நான் கண் கிளினிக்கிலை நிக்கிறன். என்ரை நம்பர் கூப்பிடுகினம். அன்ரன் அண்ணைக்கு எடுத்துச் சொல்லுங்கோ, தம்பி." தொடர்பு நின்றுவிட்டது.

அன்ரன் அண்ணை அங்கு மெசின் ஓட்டுபவர். குருநகர்க்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான்கு தடவை அழைத்தேன். மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று தெரியும். வல்வெட்டித்துறையில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. மின்சாரம் அளக்கும் மீற்றர், மோட்டார்ச் சுருள் சோதிக்கும் கருவி, கொன்டாக்டர், ரிலே, கேபிள் நுனிக் கொளுவிகள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பையில் போட்டு, 8.20க்கு யாழ்ப்பாண பஸ் ஏறினேன்.

இந்த வழியில் வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணம் வரை போகாதீர்கள். கொடிகாமத்தில் இறங்குங்கள். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 116 கிலோமீற்றர், அன்று கொடுத்தது 450 ரூபா. யாழ்ப்பாணம் போய்த் திரும்புவதைவிட ஒரு மணித்தியாலமாவது மிச்சம்.

9.45க்கு முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வழமைபோல பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினார்கள், வறுத்த கச்சான் கடலை வாங்கினார்கள். பதினைந்து நிமிடம். எத்தனையோ தடவை நானும் அங்கே ஆறுதலாகத் தேநீர் குடித்திருக்கிறேன். அன்றைக்கு இறங்கவில்லை. அன்ரன் அண்ணையின் இலக்கத்தை அழுத்தியபடியே இருந்தேன். ஆனையிறவில் கடல்நீரேரி இரு பக்கமும் வெள்ளையாக மின்னியது. அதைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

பளை தாண்டியபோது புவனா அக்கா என்னை அழைத்தார். கிளினிக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். நான் விளக்கியதும், "கடவுளே, இப்பவே ஓட்டோவிலை போறன்" என்றார்.

11.10க்குக் கொடிகாமம். பருத்தித்துறை பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்ததால் முச்சக்கர வண்டி பிடித்தேன். வரணி, முள்ளி, நெல்லியடி வழியாக இருபத்திரண்டு கிலோமீற்றர், 2,800 ரூபா. பையை இறுக்கிப் பிடித்திருந்த என்னைச் சாரதி கண்ணாடியில் பார்த்தார்.

"என்னண்ணை, ஆஸ்பத்திரிக்கோ?"

"இல்லை, ஐஸ் பக்ரறிக்கு."

"ஐஸுக்கோ இவ்வளவு அவசரம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் வேகத்தைக் கூட்டினார். முள்ளிப் பக்கம் உப்புக்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.

11.58க்குப் போய்ச் சேர்ந்தேன். மெசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபோதே எரிந்த வார்னிஷ் மணம் அடித்தது. உள்ளே அக்காவும் அன்ரன் அண்ணையும் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். கிளினிக்கில் மருந்து விட்ட கண்ணை அக்கா கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, பிள்ளை" என்றார் அன்ரன் அண்ணை. "நாப்பது ஐஸ் கட்டி இன்னும் இறுகேல்லை. நாளைக்குப் பதின்மூண்டு படகுக்கு என்னத்தைக் குடுக்கிறது? வயர் போட்டால் பிழையில்லை எண்டு கடைக்காரத் தம்பிதானே சொன்னவர்."

அவர் என்னை அதுவரை நேரில் கண்டதில்லை.

"அந்தக் கடைக்காரன் நான்தான் அண்ணை" என்றேன். "ஐஞ்சு நிமிசத்துக்கு எண்டு சொன்னனான். கழட்டச் சொன்னனோ தெரியேல்லை. பிழை என்ரை. தயவுசெய்து நிப்பாட்டுங்கோ."

அவர் போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினார்.

மெசின் நிற்கவில்லை.

மறுபடியும் அழுத்தினார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது. கொன்டாக்டருக்குள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும் துண்டுகள் சூட்டில் உருகி ஒட்டிவிட்டன என்று விளங்கியது. இனிப் பட்டனால் பயனில்லை. பிரதான சுவிட்ச் எங்கே என்று கத்தினேன். மூலையைக் காட்டினார். அதற்கு முன்னால் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஐஸ் தொட்டியின் உப்புநீருக்கு வாங்கியவை, மொத்தம் ஏழு.

இருவரும் இழுத்தோம். எப்படி இழுத்தோம் என்று தெரியாது. சுவிட்ச் பெட்டி துருப்பிடித்து ஈரமாக இருந்தது. கையை நீட்டிய என்னை அன்ரன் அண்ணை தோளால் இடித்துத் தள்ளினார்.

"தண்ணிக்குள்ளை நிக்கிறியள். சப்பாத்து நனைஞ்சு போச்சு, காணேல்லையே!"

அவர் காலில் றப்பர் பூட்ஸ். பக்கத்தில் கிடந்த காய்ந்த வெற்று உப்புப் பையொன்றை மடித்துக் கையில் சுற்றி, பிடியைக் கீழே இழுத்தார். அசையவில்லை. அக்கா "அன்ரன் அண்ணை, விடுங்கோ, வெளியிலை வாங்கோ" என்று அழுதார். அவர் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினார். பிடி படார் என்று கீழே விழ, மெசின் நின்றது.

அந்த அமைதியில் தொட்டித் தண்ணீர் சொட்டுவது கேட்டது. புகை மெல்ல அடங்கியது.

மீற்றரால் மின்சாரம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் பெட்டியைத் தொட்டேன். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. சுவிட்சின் கீழே மூன்று கேபிள்களில் நடுக் கேபிளின் திருகாணி தளர்ந்து, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து, உறை கருகியிருந்தது. அதனால் ஒரு கம்பியில் மின்சாரம் குறைய, மற்ற இரண்டும் அளவுக்கு மேல் இழுத்திருக்கின்றன. ரிலே விழுந்ததெல்லாம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மூன்றும் நல்ல ரிலேக்கள். ஒரு தடவையாவது, "மூன்று வயரிலும் எத்தனை அம்பியர் போகுது?" என்று நான் கேட்டிருந்தால் போதும். கேட்காமல் விற்றுக்கொண்டே இருந்தேன்.

மோட்டாரின் சுருள் தப்பியதா என்பதுதான் மிச்சமிருந்த பயம். சுருள் சோதிக்கும் கருவியை மாட்டி முதல் கம்பியைச் சோதித்தேன், நல்லது. இரண்டாவதும் நல்லது. மூன்றாவதில் முள் நெடுநேரம் நடுங்கி, பிறகு ஏறி நின்றது, அதுவும் நல்லது. அன்ரன் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார்.

கருகிய கேபிளை நல்ல செம்பு வரும் வரை வெட்டி, புதிய கொளுவி போட்டு இறுக்கினேன். கொன்டாக்டரை மாற்றினேன், ரிலேயைச் சேர்த்தேன், அந்த வயரைக் கழற்றி எறிந்தேன். 3.25க்கு மெசின் ஓடியது. மூன்று கம்பியிலும் 27, 28, 27 அம்பியர், ஏறத்தாழச் சமம்.

நாற்பது ஐஸ் கட்டியும் இறுகாமலே வீணாகிவிட்டன. அக்கா கதிரையில் அமர்ந்தபடி ஒவ்வொரு படகுக்காரராக அழைத்தார். "நாளைக்கு ஐஸ் முழுக்கத் தரேலாது அண்ணை. மெசினிலை பிழை வந்திட்டுது. ஓம், எங்கடை பிழைதான்." என் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்த அன்ரன் அண்ணை நேராகவே சொன்னார்: "தம்பி, இனிமேல் போனிலை சொல்லி நான் ஒண்டும் செய்யமாட்டன். கோவிக்காதேங்கோ."

"ஓம் அண்ணை" என்றேன். திரும்பும்போது பஸ் நீர்வேலி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாணம் போனது. தோட்டங்களுக்கு மாலைத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கடற்கரைத் தொழிற்சாலைகளில் எதற்கும் முன் கேபிள் திருகாணிகளைப் பாருங்கள், உப்புக்காற்று அவற்றைச் சும்மா விடாது. றப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள், நான் கொண்டுபோகவில்லை. உள்ளே நுழைந்ததும் பிரதான சுவிட்ச் எங்கே, அதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பை விலக்கிச் சோதிக்கும்படி தூரத்திலிருந்து யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தை உங்களால் அங்கே நின்று பார்க்க முடியாது.

வைகாசியில் யாரும் கூப்பிடாமலே மறுபடி போனேன். மூலையில் மூட்டைகள் இல்லை. அன்ரன் அண்ணை பெட்டியைத் திறந்துவிட்டார். நான் மீற்றரை எடுக்க, "வையுங்கோ" என்று தடுத்து, தன் சட்டைப் பையிலிருந்து புதிய மீற்றர் ஒன்றை எடுத்தார்.

"நான் அளக்கிறன். நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன்.