கரை தொடாத உறை

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்த்தவர் நீலாவதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற தாதி என்பதால் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸி. தபால் தலை சேர்ப்பார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் மருந்தைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தால் அதன் உறையையும் கேட்டு வாங்கிப் போவார்.

1974இல் தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பங்களாவைக் காலி செய்தபோது சமையல்காரி ஒரு கட்டுப் பழைய உறைகளை மிஸ்ஸிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மிஸ்ஸி என் வீட்டுக்கு வந்தார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என்னிடம் ஆங்கிலத் தட்டச்சு இயந்திரம் ஒன்று இருந்தது.

"டீச்சர், இத பாருங்க. பெங்குவின் படம் போட்ட சாப் ஒண்ணு, கப்பல் சாப் ஒண்ணு. ஐஸ் தேசத்துலேருந்து நம்ம தோட்டத்துக்கு வந்திருக்கு."

சாப் என்று அவர் சொன்னது முத்திரையை. தென்துருவப் பகுதிக்கு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களின் முகாமுக்குத் தங்கள் முகவரி எழுதிய உறையை அனுப்பிவைப்பவர்கள் உண்டு. முகாமில் முத்திரை குத்திக் கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். துரையும் அப்படி அனுப்பியிருக்கிறார். தேதியில் பிப்ரவரி மட்டும் தெரிந்தது. ஆண்டின்மேல் மை அப்பியிருந்தது. துரைக்கே எழுதிக் கேட்டோம். நினைவில்லை என்று பதில் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மிஸ்ஸி, சதையில் ஏறிய முள்ளைத் தேடும் பூதக்கண்ணாடியை உறைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கப்பல் முத்திரைக்குக் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. கேப்டனுடையதாக இருக்கலாம் என்று, முத்திரையில் பெயர் இருந்த அந்த நார்வே கப்பலின் கம்பெனிக்கு எழுதச் சொன்னார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினோம். அதற்கும் இல்லை. அடுத்த முறை மெல்லிய தாளை உறைமேல் வைத்து, அந்தக் கையெழுத்தைக் கோட்டுக்குக் கோடு வரைந்து கடிதத்தோடு அனுப்பினார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கேப்டனின் கையெழுத்துதான். அவர் அந்தக் கப்பலைத் தென்துருவப் பகுதிக்கு ஓட்டியது 1962இலும் 1964இலும் மட்டுமே.

மிஸ்ஸி உறையின் முகவரியைக் காட்டினார். துரையின் பெயருக்குக் கீழே உதவி நிர்வாகி என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இத எழுதுனப்ப அவரு சின்ன துரை. அறுபத்திமூணு பொங்கலுக்கே பெரிய துரையா ஆயிட்டாருன்னு பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க. அப்ப இது அறுபத்திரண்டுதான்."

இதையெல்லாம் கோத்து, 1962 பிப்ரவரியில் அந்த முகாமில் முத்திரை குத்தப்பட்ட உறை என்று கட்டுரை எழுதினோம். துருவ அஞ்சல் சேர்ப்பவர்களுக்கென்று இங்கிலாந்தில் நடந்த ஓர் இதழ் 1979இல் அதை வெளியிட்டது. ஈப்போ தபால் தலைச் சங்கத்தின் செயலாளர் சிவசாமி அரசாங்க அதிகாரி. நல்ல மனிதர். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் இந்த உறைக்கு நடு இடம் என்று அவரே முடிவு செய்தார்.

கண்காட்சிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நார்வேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தக் கப்பலில் ரேடியோ இயக்கியவர். கட்டுரையைப் படித்து மகிழ்ந்ததாகச் சொல்லிவிட்டு, ஒரு திருத்தமும் சொல்லியிருந்தார். 1962இல் கடல் உறைந்து கப்பல் முகாமை நெருங்க முடியாமல் திரும்பிவிட்டது. முகாமுக்குப் புதிதாகப் போக இருந்த தபால்காரர், உறை அனுப்பியவர்கள் ஏமாறக்கூடாதென்று, கையிலிருந்த முகாம் முத்திரையைக் கப்பலிலேயே குத்திவிட்டார். கடிதத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உறைகள் குவிந்துகிடக்க, ஒருவர் முத்திரையும் கையுமாக நிற்கிறார். ஜன்னலுக்கு வெளியே பனிப்பாளம்.

மிஸ்ஸி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார இறுதியில் உறையை வாங்கிப்போக சிவசாமி தோட்டத்தில் என் வீட்டுக்கு வந்தார். மிஸ்ஸியும் இருந்தார். கடிதத்தைப் படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"மிஸ்ஸி, கண்காட்சி முடியட்டும்லா. திருத்தத்த அப்புறம் மெதுவா எழுதலாம். இப்ப யாருக்குத் தெரியும்?"

"சார், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எங்க வீட்டுக்காரர் லோரியிலயே எத்தனையோ பிள்ளைங்க பொறந்திருக்கு. ஆஸ்பத்திரியில பொறந்துச்சுன்னு நான் ஒண்ணுக்கும் எழுதிக் குடுத்ததில்ல. எங்க பொறந்துச்சோ அதத்தான் எழுதணும்."

"இது கவர்தானே, மிஸ்ஸி."

"எழுதுனது நான்தானே, சார்."

சிவசாமி தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, நாற்காலியை என் தட்டச்சு இயந்திரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். திருத்தக் கடிதத்தின் ஆங்கிலத்தைச் சரிபார்த்தவர் அவர்தான். கண்காட்சியில் உறையையும் புகைப்படத்தையும் சேர்த்து வைத்து, இந்த உறை கரை இறங்கவில்லை என்று கீழே ஓர் அட்டையில் எழுதினார். போய்ப் பார்த்த வேலப்பண்ணன், மிஸ்ஸியின் வீட்டுக்காரர், அங்கேதான் கூட்டம் நின்றது என்று லோரியில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

திருத்தம் இதழில் வந்தபிறகுதான் தோட்டத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. அந்தப் பயணத்தின் உறைகள் இன்னும் பலரிடம் இருந்தன. எல்லாமே முகாமில் குத்தியவை என்று நம்பியிருந்தார்கள். தன் தவறைத் தானே சொன்னவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார் என்று தோன்றியிருக்க வேண்டும். சிலர் வண்ணப் படம் எடுத்து அனுப்பினார்கள், சிலர் நம்பி உறையையே அனுப்பினார்கள். கப்பலில் ஒரே மைப்பெட்டிதான் இருந்திருக்கிறது என்பதை மிஸ்ஸி அப்படித்தான் கண்டுபிடித்தார். 1962 உறைகளில் கப்பல் முத்திரை, முகாம் முத்திரை இரண்டுமே ஊதா. மற்ற ஆண்டுகளில் முகாம் முத்திரை கறுப்பு. எண்பதுகள் முழுக்க, பிரசவ வீடுகளுக்கு நடுவே, வந்த ஒவ்வொரு உறைக்கும் அவர் பதில் அனுப்பினார்.

ஒருமுறை ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தில் டாக்டர் நீலாவதி என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் டாக்டர் இல்ல, மிட்வைஃப்னு மொதல்ல அடிங்க, டீச்சர். அப்புறம் ஊதா மையப் பத்திச் சொல்றேன்."