ஈர வேட்டியும் பிடிமண்ணும்

அய்யாவுக்கு ஒன்றுக்குப் போவது சிரமமானதை எங்கள் வீட்டில் யாரும் நோயென்று நினைக்கவில்லை. கொல்லைப்பக்கம் போவார், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருப்பார், முகம் வேர்த்துத் திரும்பி வருவார். வயசானால் அப்படித்தான் என்று ஊர் சொன்னது. அப்படி வேலியைப் பிடித்து நின்ற கிழவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களில் சிலர் வயிறு உப்பிச் செத்ததும் உண்டு. அதையும் வயசு என்றே சொல்லி எரித்தார்கள். நெருஞ்சி முள், சிறுபீளை என்று அய்யா குடித்த கஷாயத்துக்கு ஒரு ஊருணியே நிறைந்திருக்கும்.

தை அறுவடை முடிந்த கையோடு ஒருநாள் ஒரு சொட்டுக்கூட இறங்காமல் அடிவயிறு கல்லாகிவிட்டது. வண்டி கட்டி மானகிரி வழியாகக் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவர் துண்டைக் கடித்துக்கொண்டார். அங்கிருந்த டாக்டர் குழாய் விட்டு இறக்கினார். மதுரைக்குப் போய் அறுத்துக்கொள்ளாவிட்டால் திரும்பவும் அடைக்கும், அந்தத் தடவை வண்டி வந்து சேராது என்று என்னிடம் சொன்னார். நான் மகன் என்பதோடு, என்னிடம் சொன்னதற்கு இன்னொரு காரணம், எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து மண்ணை மிதித்தவன் நான் ஒருவன்தான். பத்தாவது வரை படித்து, பள்ளத்தூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் உடம்பை அறுப்பது பற்றியும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அய்யா மட்டும் நேராகக் கேட்டார். "நீ படிச்சதுல இது வருதாடா?"

வரவில்லை என்றேன்.

"வராட்டிப் போகுது. கூட வா."

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் தொப்புளுக்குக் கீழே கிழித்து எடுத்தார்கள். மூத்திரப்பையின் வாயைச் சுற்றி ஒரு கோளம் எல்லா ஆணுக்கும் இருக்கிறதாம். பிராஸ்டேட் என்று அதற்குப் பெயர். வயசில் அது வீங்கி வழியை நெரிக்கிறது. எடுத்ததை டாக்டர் ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார், எலுமிச்சங்காய் போல இருந்தது. விதை இரண்டையும் தொடவே இல்லை, ஆணாக இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் நான் கேட்காமலே சொன்னார். அப்போது அது எனக்கு வேண்டாத பேச்சாகப் பட்டது. வேறு சிலவும் சொன்னார்: புண் ஆறும்வரை வயிற்றுக் குழாய் வழியாக மூத்திரம் புட்டியில் இறங்கும். குழாயை எடுத்தபின் சில மாதம் தானாகச் சொட்டும். அடக்கிப் பழகினால் நிற்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது.

புட்டிதான் அய்யாவை வதைத்தது. வலியைக்கூட அவர் பொறுத்தார். போகிறவர் வருகிறவர் பார்வையில் தன் மூத்திரம் கண்ணாடிக்குள் தொங்குவதைப் பொறுக்க முடியவில்லை. நான் என் துண்டை அதன்மேல் போட்டு மூடினேன். அவர் அதை எடுத்துத் தரச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெடக்கட்டும், தொறந்தே கெடக்கட்டும். மூடுனா என்னமோ ஏதோன்னு எட்டிப் பாப்பாய்ங்க" என்றார்.

எங்களைப் பார்க்க ஊரிலிருந்து ஒரே ஒருவர் வந்தார்: என் சித்தப்பா, அய்யாவின் பங்காளி. கட்டு எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சொன்னார். மாசிக் கடைசியில் நாங்கள் வீடு திரும்பியபோது, ஆஸ்பத்திரியில் அய்யாவுக்குக் காயடித்துவிட்டார்கள் என்பது ஊர் முழுக்க முடிந்துபோன சங்கதியாக இருந்தது.

இதில் ஊரைக் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் ஊரில் ஆண் உடம்பின் கீழ்ப்பக்கம் கத்தி வைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், அதுவும் உழவு மாட்டுக்குத்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் அய்யாவின் மீசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். காயடித்தவனுக்கு மீசை உதிருமாம். சிலர் குரலையும் கவனித்தார்கள் போலிருக்கிறது, ஒன்றும் கேட்க வேண்டியதில்லாதபோதும் ஏதாவது கேட்டு அவரைப் பேச வைத்தார்கள். பெண்கள் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். நான் விஷயத்தை அய்யாவிடம் சொன்னேன். அவர் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்குது" என்றவர், அன்றிலிருந்து விளக்கெண்ணெய் தொட்டு மீசையை முறுக்க ஆரம்பித்தார்.

ஆனால் அது சிரிப்போடு போகிற காரியமில்லை. எங்கள் ஊர் அய்யனாருக்குப் புரவி எடுப்பு உண்டு. மண்ணால் குதிரை செய்து சுமந்துபோய்க் கோயிலில் வைப்பது. அந்தக் குதிரை செய்ய முதல் மண்ணை வைகாசியில் கண்மாயிலிருந்து மூன்று கை அள்ளிக் குயவரான வேளாரிடம் கொடுப்பவர் எங்கள் குடும்பத்து மூத்தவர். அதற்குப் பிடிமண் என்று பெயர். ஒரு வருஷம் எங்கள் வகையறா கொடுக்காமல் நின்றால் முறை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். போனது திரும்பாது. அடுத்த பங்காளி சித்தப்பாதான். களத்துமேட்டில் அவர் பேசியது எங்கள் காதுக்கு அன்றைக்கே வந்தது: காயடித்த மாட்டுக்கு உழவு உண்டு, கோயில் உண்டா? கோயில் காளையை எவனாவது காயடிப்பானா? ஒரு உறுப்பு போன உடம்பு சாமி காரியத்துக்கு எப்படி ஆகும்?

அய்யாவிடம் நிலம் சொற்பம். படிப்பில்லை. வருஷத்தில் ஒருநாள் ஊரே கரையில் நிற்க, அவர் குனிந்து மண் அள்ளுவார். அது ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

அவர் உடம்போ அப்போது அவர் சொல்லைக் கேட்கவில்லை. இருமினால் சொட்டும். தும்மினால் சொட்டும். குத்தவைத்து எழுந்தால் நிச்சயமாகச் சொட்டும். பிடிமண் என்பதோ குத்தவைத்து, இரண்டு கையும் நிறைய மண்ணோடு எழுவது. கோவணத்துக்குள் பழந்துணி வைத்துக்கொண்டார். ஆத்தா அதைத் தினமும் அலசி, தெருப்பக்கம் தெரியாமல் வைக்கோல்போருக்குப் பின்னால் காயப்போட்டாள். தண்ணீர் குடித்தால்தானே ஒழுகுகிறது என்று செம்பை ஒளித்தும் வைத்தாள். மூத்திரம் மஞ்சளாகி எரிச்சலெடுத்து, அய்யாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. நான் ஆத்தாவோடு சண்டை போட்டேன். டாக்டர் சொன்னது இதுதான் என்று சொன்னேன். அந்த டாக்டரா வந்து துணி அலசுகிறார் என்று அவள் கேட்டாள். மறுநாள் துணியை நான் எடுத்துப்போய் அலசினேன். மூன்றாம் நாள் ஆத்தா செம்பை நிறைத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

காய்ச்சல் விட்டதும் அய்யா பழக ஆரம்பித்தார். அடக்குவார், விடுவார், மறுபடி அடக்குவார். கொல்லையில் குத்தவைத்து எழுவார். எழும்போது பல்லைக் கடிப்பார். "எருமக்கன்னு மாதிரி அது பாட்டுக்குப் போகுது, புடிச்சுக் கட்டுறேன் பாரு" என்று தன் உடம்பைத் தானே வைவார். வைகாசி பிறந்தபோது நடந்தால் நின்றது, உட்கார்ந்தால் நின்றது. குனிந்து எழுந்தால் மட்டும் இன்னும் மிஞ்சியது.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பிடிமண் கொடுப்பவர் ஊருணியில் முழுகி, ஈர வேட்டியோடுதான் கண்மாய்க்குப் போக வேண்டும். முறையே அப்படி. சொட்டச் சொட்ட நிற்கிறவர் வேட்டியில் எது எந்த ஈரம் என்று யார் கண்டார்கள்? இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக அய்யாவிடம் சொன்னேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மறைச்சுக்கிட்டு நின்னா அவன் சொல்றது நெசம்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும்ல?"

பிடிமண் அன்று காலையில் வெயில் ஏறுமுன்பே, அய்யனார் கோயிலை ஒட்டிய கண்மாய்க் கரையில் ஊர் கூடிவிட்டது. அய்யா முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார், வெட்டுத் தழும்பு வேட்டிக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. அதைத் துண்டால் மூடவில்லை. கண்மாய்க்குள் வேளார் காத்து நின்றார். மண்குதிரை செய்கிறவரும் அவரே, அய்யனாருக்குப் பூசை செய்கிறவரும் அவரே. அய்யா கரையிலிருந்து இறங்கப் போகையில் சித்தப்பா குறுக்கே வந்து ஊர்த் தலைவரான அம்பலத்தைப் பார்த்துப் பேசினார்.

"அம்பலம், ஒடம்புல ஒண்ணு கொறஞ்சு போன ஆளு. போதாததுக்கு நின்ன எடத்துல ஒழுகுது, வைக்கப்போருக்குப் பின்னால துணி காயுறத நானே பாத்தேன். ஈர வேட்டில தெரியாதுன்னு நெனச்சு நிக்கிறாக. சாமிக்குத் தெரியாதா?"

அம்பலம் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய யோசனை ஒன்றைச் சொன்னார். எதற்கு வம்பு, இந்த வருஷம் மகன் கொடுக்கட்டும், முறையும் அந்த வீட்டிலேயே இருக்கும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "படிச்ச பிள்ள, நீ போயி முழுகிட்டு வாப்பு" என்றார். பலருக்கும் அது சரியாகப் பட்டது. சித்தப்பாவுக்குக்கூட மறுத்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் முறைப்படி மகன் பிடிமண் கொடுப்பது தகப்பன் செத்த பிறகுதான். அந்தக் கரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அய்யாவைப் பிழைக்க வைத்து மதுரையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவன் நான். இப்போது ஊரார் முன்னிலையில், அவர் கண் எதிரில், அவரைச் செத்தவராக்கும்படி என்னிடமே கேட்கிறார்கள். அய்யா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எங்கய்யா உசுரோட நிக்கிறாக. நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றேன். சபையில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அய்யா நிமிர்ந்தார். "தம்பி, ஒழுகுதுன்னு சொன்னியே, ஆமா ஒழுகுது. நீ சொல்லி ஊரு தெரிஞ்சுக்கிற வேணாம், நானே சொல்றேன். குனிஞ்சு எந்திரிச்சா ரெண்டு சொட்டு விழும். ரெண்டு வருசமா ஒரு சொட்டுக்கு வேலியப் புடிச்சுக்கிட்டு அழுதவன் நான். இப்பத் தானா விழுகுது. இதுக்கா நான் வெக்கப்படணும்?"

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கோயிலுக்கு வாரீக. அது சாமி முன்னாலயே பெஞ்சு வைக்குது. வெளிய கொண்டுபோன்னு எந்தச் சாமியாச்சும் சொல்லிச்சா? வெட்டுப்பட்ட ஒடம்புங்கிறான். அந்தா நிக்கிறாரு அய்யனாரு, கையில வாள வச்சுக்கிட்டு. வெட்டுப்படாமத்தான் சண்ட போட்டாராக்கும்? காயடிச்சாய்ங்களான்னு சந்தேகமிருந்தா இங்குட்டு வா தம்பி, வேட்டிய அவுத்தே காட்டுறேன். அதுக்கு முன்னால பொம்பளைகளத் திரும்பி நிக்கச் சொல்லு."

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் சிரிப்பு வந்தது. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. அய்யாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சிரிக்க வச்சுப்புட்டீக, இப்பவும் சொட்டிருச்சு" என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்பலம் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. தீர்ப்பு சொல்லும்படி அவர் அம்பலத்தை நெருக்கினார். அம்பலம் வேளாரைப் பார்த்தார், வாங்குகிற கை அவருடையதல்லவா.

வேளார் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார். "வெயில் ஏறுது. மண்ணக் குடுங்கய்யா" என்றார்.

அய்யா கண்மாய்க்குள் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன், கை கொடுக்கலாமா என்று. வேண்டாம் என்று தோளாலேயே தள்ளிவிட்டார். குத்தவைத்தார், அள்ளினார். எழும்போது பல்லைக் கடித்தது தாடையில் தெரிந்தது. மூன்று தடவையும் அப்படியே. வேளார் துண்டை முடிந்து தலையில் வைத்துக்கொண்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். அய்யாவின் கால் வழியாக எது வழிந்ததோ, ஊருணித் தண்ணீரோ வேறெதுவோ, அதை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. ஊருக்குப் பார்க்கும் ஆசை விட்டுப்போயிருந்தது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஆவணிக்குள் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நாலைந்து கிழவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள். வந்த காரியத்தைச் சொல்ல வாய் வராமல் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, எழுந்துபோகும்போது மெதுவாக, "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார்கள். அய்யா வேட்டியை இறக்கித் தழும்பைக் காட்டினார். வேலியைப் பிடித்து நிற்பது வயசு அல்ல, நோய். இதைப் படிக்கிறவர் வீட்டில் அப்படி நிற்கிறவர் யாராவது இருந்தால் வெட்கப்பட்டுச் சாக விட வேண்டாம்.

அந்த வருஷப் புரவி எடுப்பு அன்று எங்கள் வீட்டில் பந்தி. சித்தப்பா வரவில்லை. ஆள் அனுப்பட்டுமா என்று ஆத்தா கேட்டாள். வேண்டாம் என்றார் அய்யா. இலையில் சோற்றைக் குழியாக்கிக் குழம்புக்குக் காத்திருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்:

"அடுத்த புரவிக்கும் நாந்தேன் அள்ளுவேன். அப்ப வரட்டும்."